ஜெபம் நிற்கும் கடைசி ஸ்டாப்பு

சாலேம்புதூரில், செம்மண் மேடாகக் கிடக்கிற தேரி முடிந்து ஊர் ஆரம்பிக்கிற இடத்தில், கோயிலடித் தெருவின் கடைசி வீட்டில், கண்டக்டர் அருமைநாயகத்தை அடக்கம் பண்ணி, வந்திருந்த சொந்தக்காரர்கள் அவரவர் ஊருக்கு பஸ் ஏறிப் போய், இரவல் வாங்கிய அண்டாக்களைத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்த பிறகு, அவர் மனைவி பியூலா சாயங்காலம் ஏழு மணிக்குப் பாயை விரித்தாள், ஏனென்றால் ஏழு மணிக்குப் பாய் விரிக்காமல் அந்த வீட்டில் ஒருநாளும் பொழுது அடைந்ததில்லை.

குடும்ப ஜெபத்துக்கு அந்த வீட்டில் ஒரு வரிசை உண்டு. ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், அதற்குப் பிறகு இளையவரில் தொடங்கி மூத்தவர் வரைக்கும் ஆளுக்கொரு ஜெபம். நாலு வயது தீமோத்தேயு, வீட்டில் தீமோ, கையைக் கூப்பி "ஸ்தோத்திரம் ஆமென்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, கொசு கடித்த இடத்தைச் சொறிய ஆரம்பித்தான். அடுத்து கெசியாவின் முறை. ஒன்பது வயதுப் பிள்ளை. அவள் கண்ணை மூடி வாயைத் திறந்தாள். வந்தது அவள் அப்பாவின் குரல்.

அதே கட்டைக் குரல். பஸ்ஸின் பின்படியில் நின்றுகொண்டு முன்சீட்டில் தூங்குகிறவரை எழுப்பி, அவருடைய ஸ்டாப்பில் இறக்கிவிடுகிற குரல். பியூலா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பிள்ளையின் வாய்தான் அசைந்தது. பிள்ளையின் முக்காடு சரிந்திருந்தது. அதை இழுத்து விட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபத்துக்கு நடுவில் ஆராய்ச்சி பண்ணுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

முடிந்த பிறகு தீமோதான் கேட்டான்.

"அப்பா வந்துட்டாவளாம்மா?"

"குரல் மட்டும் வந்துருக்குய்யா" என்றாள் பியூலா. பிறகு கெசியாவைப் பார்த்து, "நீயாட்டி சொன்ன?" என்று கேட்டாள்.

"நான் சொல்லலம்மா. நான் வாயத் தொறந்தேன், அப்பா சொன்னாவ" என்றாள் கெசியா, தன்னுடைய கீச்சுக் குரலில்.

பியூலா எழுந்து அடுக்களைக்குப் போய், நெஞ்சடைத்துக்கொண்டு கணவர் செத்த நாளிலிருந்து வராமல் அடம்பிடித்த அழுகையை ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு, முகம் கழுவி, மூன்று பேருக்கும் சோறு போட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

அருமைநாயகம் ஜெபிக்கிற விதமே தனி. சேகரத்துச் சபைகளில் நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்கள் பலர் உண்டு. வானத்தையும் பூமியையும் படைத்ததில் தொடங்கி, ஆதாம் ஏவாள் வழியாக வந்து, நாம் உட்கார்ந்திருக்கிற பாய்க்கு வந்து சேருவதற்குள் கால் மரத்துவிடும். அருமைநாயகம் அப்படி இல்லை. அவர் வேலை பார்த்த பஸ் போகிற வழியாகவே அவருடைய ஜெபமும் போகும். டவுனில் புறப்பட்டு, ரயில்வே கேட்டில் பூ விற்கிற அக்காளின் கண் ஆபரேஷன், உப்பள விலக்கில் ஏறுகிற பெண்களுடைய காலில் உப்பு அறுத்த புண், ஆஸ்பத்திரி முக்கில் மாத்திரைப் பையோடு இறங்குகிற முகம் தெரியாத எல்லோரும், பெரிய கிணறு ஸ்டாப்பில் தெருவிளக்கு, பனங்காட்டு விலக்கில் தங்கபழம் அண்ணாச்சியின் முட்டுவலி என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, கடைசியில் சாலேம்புதூர் கோயிலடிக்கு வருவார். அங்கேதான் பியூலா, தீமோ, கெசியா மூன்று பேரும் ஏறுவார்கள். அதன் பிறகு ஜெபம் உடனே முடியாது. கொஞ்ச நேரம் சும்மா நிற்கும்.

அது அவருடைய பழக்கம். பஸ்ஸிலும் அப்படித்தான். கடைசி ஸ்டாப்பில் வண்டி திரும்பும்போது, எல்லோரும் ஏறிய பிறகும் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, தூரத்தில் யாராவது பள்ளிக்கூடப் பிள்ளை பையைப் பிடித்தபடி ஓடி வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். உள்ளே இருக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். "ஓடி வாறவங்க இருப்பாங்கய்யா, செத்த பொறுங்க" என்பார். ஜெபத்திலும் அந்த இடைவெளி கெசியாவுக்காகத்தான். அப்பா சொன்னதைத் திரும்பச் சொல்லியே ஜெபம் படித்த பிள்ளை அவள். அவள் முறை வரும்போது அப்பாவின் ஜெபத்தையே ஸ்டாப்பு மாறாமல் ஒப்பித்துவிடுவாள். அதனால் தன் ஜெபத்தின் கடைசியில் அவர் அவளுக்கு ஓர் இடம் விட்டு வைப்பார்.

"எனக்கு ஒண்ணும் வரலப்பா" என்பாள் கெசியா.

"வரும்ட்டி. அவசரமில்ல. வண்டி நிக்கும்" என்பார்.

ஒன்றும் வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆமென் சொல்வார். ஆமென் சொன்ன கையோடு தரையில் ரெண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்பார். அதற்கு அந்த வீட்டில் சாப்பிடப் போகலாம் என்று அர்த்தம்.

இப்போது மறுநாளும் ஏழு மணிக்கு அந்தக் குரல் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரோரம் நின்று கேட்டார்கள், பிறகு வாசலில் வந்து நின்று கேட்டார்கள், பிறகு அவரவர் வீட்டுப் பாயைக் கொண்டுவந்து தெருவில் விரித்து உட்கார்ந்து கேட்டார்கள். ஏழு மணி சீரியலை அணைத்துவிட்டு ஒரு ஊரே வருகிறதென்றால் அது லேசுப்பட்ட காரியமில்லை.

சேகரத்து ஐயர் ஒருநாள் வந்தார். அந்தப் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றும் தேவாலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் முழுவதையும் கேட்டார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நம்ம அருமைநாயகம்தான். சந்தேகமில்லை" என்றார். சபைக் கமிட்டி கூடியது. செத்தவருடைய குரல் பிள்ளையின் வாயில் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. அருமைநாயகத்துடைய கமிட்டிப் பதவிக்காலம் இன்னும் முடியாததால் அவரை மெம்பராக வைத்துக்கொள்ளலாமா, புதன்கிழமைக் கூட்டத்தில் ஜெபிக்கிறவர்களின் வரிசையில் சேர்க்கலாமா என்பதுதான் பேச்சு. ரொம்ப நேரம் வாதாடி, குடும்ப ஜெபம் குடும்பத்துக்குரியது, அதைக் கோயிலுக்குக் கொண்டுவரக் கூடாது, ஆனால் ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலில் உட்காருகிற எல்லோரும் அந்தக் குடும்பம்தான் என்று தீர்மானம் போட்டுவிட்டு, வடையும் டீயும் சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

பஸ் டிரைவர் சுடலைமுத்துவுக்குத் தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை. அருமைநாயகத்தோடு ஒரே வண்டியில் தலை நரைத்தவர். ஏழு மணி டிரிப்பைக் கோயிலடித் தெருவுக்குள் திருப்பி, பியூலா வீட்டு முன்னால் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிடுவார். வண்டியில் இருக்கிற ஜனங்களும் இறங்கிப் பாயில் உட்காருவார்கள். புதுக் கண்டக்டர் பையன் ஒருதரம் நேரமாச்சு என்று வாய் திறந்தான்; வண்டியே ஒன்றாகத் திரும்பிப் பார்த்ததில் வாயை மூடிக்கொண்டான். "உங்க சாமி வேற, எங்க சாமி வேறதான் தங்கச்சி. ஆனா என்னோட ஆளு இங்கல்லா இருக்காரு" என்று சுடலைமுத்து பியூலாவிடம் சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே, வண்டியின் படியிலேயே உட்கார்ந்துகொள்வார்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அந்த ஜெபத்துக்கு வயது ஏறவில்லை. அருமைநாயகம் செத்த நாளில் ஊர் எப்படி இருந்ததோ அப்படியேதான் ஜெபத்திலும் இருந்தது. பெரிய கிணறு ஸ்டாப்பில் தெருவிளக்கு வந்து மாதங்கள் ஆகிவிட்டன. குரல் இன்னும் விளக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கிற மனுஷனை ஏமாற்ற மனமில்லாமல், அந்த ஸ்டாப்புக்காரர்கள் தினமும் ஜெபம் முடிகிறவரைக்கும் விளக்கை அணைத்து வைத்தார்கள். தங்கபழத்துக்கு முட்டுவலி எந்த எண்ணெயிலோ சரியாகிப்போனது. ஆனாலும் ஏழு மணிக்கு மட்டும், ஜெபத்துக்கு மரியாதை கொடுத்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து உட்கார்ந்தார். பெரிய கிணற்று லில்லிபுஷ்பத்துக்கு ஒரு நல்ல வரன் அமையவேண்டும் என்று குரல் கேட்கும். லில்லிபுஷ்பமோ கல்யாணமாகி மாசமாக இருந்தாள். அந்த இடம் வரும்போது அவள் வீட்டுக்காரர் எழுந்து தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டு, பனங்காட்டு விலக்கு வந்ததும் திரும்பி வந்து உட்காருவார். முதலில் கோபப்பட்டவர்தான். பிறகு, அப்படி ஒரு நல்ல வரன் அமைந்தது யாருடைய ஜெபத்தால் என்று நாலு பேர் கேட்ட பிறகு, அந்த நடை அவருக்கே பிடித்துப்போனது.

இப்படி ஜெபத்தை ஊருக்குத் தக்கபடி மாற்ற வழியில்லாமல், ஊர் தன்னை ஜெபத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டு, சந்தோஷமாகவே இருந்தது.

கெசியாவை எல்லோரும் கொண்டாடினார்கள். கடைக்குப் போனால் கையில் மிட்டாய் திணித்தார்கள். கன்னத்தைத் தொட்டு முத்திக்கொண்டு, "அப்பா எப்பிடி இருக்காவ?" என்று கேட்டார்கள், அவள் இப்போதுதான் அவரைப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பியூலாவும் கேட்கவில்லை. ஞாயிற்றுப் பள்ளியில் டீச்சர் ஒருநாள் அவளை எழுப்பி ஜெபிக்கச் சொன்னபோது, பிள்ளை கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தாள். ஒரு குரலும் வரவில்லை, அவள் குரலும் வரவில்லை, அப்பாவின் குரலும் வரவில்லை. டீச்சர் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் தலை பின்னிவிடும்போது கெசியா கேட்டாள்.

"அம்மா, அப்பா முடிக்கதுக்கு முன்னால ஒரு எடத்துல சும்மா நிப்பாவல்லா?"

"ம்."

"அந்த எடத்துல நான் ஒண்ணு சொல்லட்டுமாம்மா? எனக்கு என்னமோ வாய் வரைக்கும் வருது."

பியூலாவின் கை பின்னலில் நின்றுவிட்டது.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். அப்பா சொல்லுததே போதும். ஆட்டாம உக்காருட்டி."

இந்தப் பிள்ளைக்குத் தெரியாத ஒன்று பியூலாவுக்குத் தெரியும். குரல் வந்த முதல் நாளே தெரியும். குரல் டவுனிலிருந்து புறப்பட்டு, எல்லா ஸ்டாப்பிலும் நின்று, கோயிலடிக்கு வந்து, கெசியாவின் பெயரைச் சொல்லிவிட்டு, அந்த இடைவெளியில் வந்து நிற்கும். அதற்கு மேல் அது போகவில்லை. ஆமென் சொல்லவில்லை. தரையைத் தட்டவில்லை. போலாம் ரைட் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் பியூலாதான், அந்த இடைவெளி வந்ததும், பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆமென்" என்று உரக்கச் சொல்லி முடித்தாள். தெருவும் கூடவே ஆமென் சொன்னது. ரைட் கொடுக்காத வண்டி நகராது. நாளைக்கும் அங்கேயே நிற்கும். அவளுக்கு அது போதும். அவளுடைய முறைக்கு அவள் ஜெபம் பண்ணுவதைக்கூட விட்டுவிட்டாள். அவர் இருந்தபோதும் அவள் பெரிதாக ஒன்றும் வாய்விட்டு ஜெபித்தவள் இல்லை. அவுக சொன்னதே எனக்கும் சேத்துத்தான் என்று இருந்துவிடுவாள்.

இது தப்பு என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஏழு மணியிலிருந்து ஏழேகால் வரைக்கும் அவள் விதவை இல்லை. அந்தக் கால் மணி நேரத்தை யார்தான் லேசில் விட்டுக்கொடுப்பார்கள்?

மழை தொடங்கியது. ஒரு சாயங்காலம் ஜெபம் முடிந்து ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, சுடலைமுத்து முதன்முறையாக வாசலுக்குள் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணாச்சி."

"நான் கண்ணாடியப் பாத்து வண்டி எடுத்தவன் இல்ல. அவரு குரலக் கேட்டு எடுத்தவன். அவரு ரைட்டுன்னாத்தான் என் காலு அமுக்கும். இத்தன நாளா கேக்கேன். அவரு இன்னும் ரைட் குடுக்கலயே தங்கச்சி."

பியூலா அரிசி புடைக்காத நேரத்தில் சுளகை எடுத்துத் தட்டினாள்.

"யாருக்கோ நிக்காரு" என்றார் சுடலைமுத்து. "அவரு நின்னா யாரோ ஓடி வாறாங்கன்னு அர்த்தம். பாவம், மழையில நிக்காரு." அவ்வளவு சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

போனபின் பியூலாவுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. டிரைவருக்கு என்ன வந்தது, அவர் வீட்டுக்குப் போனால் அவர் பெண்டாட்டிக்குப் புருஷன் இருக்கிறார் என்று மனசுக்குள் திட்டினாள். திட்டித் தீர்ந்த பிறகும் மழையில் நிற்கிறார் என்ற சொல் மட்டும் போகவில்லை. அன்று இரவு மழை பெய்த நேரமெல்லாம் அவள் விழித்துக்கிடந்தாள்.

அருமைநாயகம் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கெசியாவுக்கு ஒரு பழைய சின்னச் சைக்கிள் வாங்கி வந்திருந்தார். பிடித்துக்கொண்டு ஓடிவந்து சொல்லித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வரவில்லை. சைக்கிள் சுவரில் சாய்ந்தே கிடந்தது. மழை விட்ட ஒரு சனிக்கிழமை, பியூலா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, தெருவிலிருந்து கெசியா ஓடி வந்தாள். ரெண்டு முழங்காலிலும் செம்மண். ஒரு முழங்கையில் ரத்தம். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, நான் ஓட்டிட்டேன்! தேரிமேட்டுல இருந்து கோயில் வரைக்கும்!"

"யாருட்டி பிடிச்சா?"

"யாரும் பிடிக்கல. முதல்ல விழுந்தேன். பொறவு விழல."

பியூலா முந்தானையால் அவள் முழங்கையைத் துடைத்தாள். பிள்ளையின் இருதயம் படபடவென்று அடிப்பது கைக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, நான் அஞ்சாப்பு வந்தது ஏசப்பாக்குத் தெரியுமா?"

"என்ன கேள்விட்டி இது?"

"அப்பா தெனமும் நாலாம் வகுப்புப் பரீட்சையில பாஸாகணும்னுதான சொல்லுதாவ. நான் பாஸாயிட்டேன்லா. இன்னும் நாலாப்புலதான் இருக்கேன்னு ஏசப்பா நெனச்சிருந்தா? சைக்கிள் ஓட்டுனதும் அவருக்குத் தெரியாது. அவருட்ட என்னப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலயேம்மா."

ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்று ஞாயிற்றுப் பள்ளியில் சொல்லித் தருகிற பதில் பியூலாவின் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளை கேட்டது அது இல்லை என்று பெற்றவளுக்குத் தெரிந்தது. இத்தனை மாதமாகத் தன் வாயைத் தகப்பனுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஒரு வார்த்தை பேச இடமில்லாமல், தினமும் ஏழு மணிக்கு ஆண்டவருக்கு முன்னால் போய் நின்று திரும்பி வந்திருக்கிறது இந்தப் பிள்ளை. பியூலா பிள்ளையைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். செம்மண் அவள் சேலையெல்லாம் ஒட்டியது.

அன்று சாயங்காலம் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். தங்கபழம் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். லில்லிபுஷ்பம் நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சுடலைமுத்து வண்டியை நிறுத்தினார். மழை லேசாகத் தூறியதால் அவர் மட்டும் தன் சீட்டிலேயே இருந்தார். பியூலா பாயை விரித்தாள். பாட்டுப் பாடினார்கள். ஒரு அதிகாரம் வாசித்தாள். தீமோ ஸ்தோத்திரம் ஆமென் என்று சொல்லி முடித்தான்.

கெசியா கண்ணை மூடினாள். குரல் வந்தது. பியூலா ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்திவிடாமல் கேட்டாள். ரயில்வே கேட்டில் பூ விற்கிற அக்காள் ஏறினாள். உப்பள விலக்கில் பெண்கள் ஏறினார்கள். ஆஸ்பத்திரி முக்கில் முகம் தெரியாதவர்கள் ஏறினார்கள். பெரிய கிணற்றில் விளக்கு இல்லாத இருட்டில் ஆட்கள் ஏறினார்கள். லில்லிபுஷ்பத்தின் வீட்டுக்காரர் எழுந்து தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்தார். பனங்காட்டு விலக்கில் முட்டுவலி ஏறியது. கோயிலடி வந்தது. என் மனைவி பியூலாவுக்குப் பெலன் தாரும், தீமோத்தேயு நன்றாக வளரட்டும், கெசியா நாலாம் வகுப்புப் பரீட்சையில் பாஸாக உதவி செய்யும் என்றது குரல். பிறகு நின்றது.

தெரு காத்திருந்தது, பியூலாவின் ஆமெனுக்காக.

பியூலாவின் கை வழக்கம்போலப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. உரக்கச் சொல்ல வேண்டிய ஒற்றைச் சொல் தொண்டையில் இருந்தது. சொல்லிவிட்டால் நாளைக்கும் அவர் வருவார். நாளை மறுநாளும் வருவார். அவள் சாகிறவரைக்கும் வருவார். அவள் கையை எடுத்தாள்.

"சொல்லுட்டி" என்றாள், மெதுவாக. "வரும். அவசரமில்ல."

கெசியா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. தெருவில் யாரோ இருமினார்கள். அப்புறம் வந்தது, அந்தக் கீச்சுக் குரல், பாயைத் தாண்டிக் கேட்குமா கேட்காதா என்கிற அளவில்.

"ஏசப்பா, நான் கெசியா. நான் அஞ்சாப்பு. பாஸாயிட்டேன், ஸ்தோத்திரம். இன்னைக்கு சைக்கிள் ஓட்டிட்டேன். அப்பா பிடிக்கேன்னு சொன்னாவ, பிடிக்கல. நீரு அவுகளக் கூட்டிட்டுப் போயிட்டீரு. எனக்கு உம்மேல கோவமா இருக்கு. ஆனா ஓட்டும்போது ரொம்ப நல்லா இருந்துச்சு. காத்து அடிச்சுது. நீரு பாத்தீரா? பாக்கலன்னா நாளைக்கும் ஓட்டுவேன், வாரும்."

அவ்வளவுதான். தெருவில் தூறல் மட்டும் விழுந்தது.

அப்போது அதே வாயிலிருந்து, அந்தக் கட்டைக் குரல், சந்தோஷத்தில் கொஞ்சம் தழுதழுத்து, "ஆமென்" என்றது. பாய்க்குப் பக்கத்தில் தரையில் ரெண்டு தட்டு விழுந்தது. யாருடைய கையும் அசையவில்லை.

"போலாம் ரைட்."

வெளியே சுடலைமுத்துவின் கால் தானாக அமுக்கியது. எப்போது சாவியைத் திருப்பினார் என்று அவருக்கே தெரியாது. பாதி ஜனங்களைத் தெருவில் விட்டுவிட்டு பஸ் கிளம்பிப் போனது. ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். முட்டுவலியெல்லாம் மறந்துபோய்த் தங்கபழமும் ஓடினார், அவருக்கு அந்த பஸ்ஸில் போகிற வேலையே இல்லை. தெருமுனையில் வண்டி நின்றது. சுடலைமுத்து ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டே, ஓடி வந்த கடைசி ஆளும் ஏறுகிறவரைக்கும் வண்டியை எடுக்காமல் நின்றார். பெரிய கிணறு ஸ்டாப்பில் அன்றைக்கு விளக்கைப் போட்டவர்கள் அதற்குப் பிறகு அதை அணைக்கவில்லை.

வீட்டுக்குள் பாய் அப்படியே விரித்திருந்தது. இனி ஏழு மணிக்கு அந்தக் குரல் வராது என்று பியூலாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும், அவள் பயந்த மாதிரி வீடு காலியாகிவிடவில்லை. பக்கத்தில் ஒரு பிள்ளை தன் குரலை இப்போதுதான் கேட்டதுபோல் ஆச்சரியமாக உட்கார்ந்திருந்தது.

"அடுத்து உன் மொறைம்மா" என்றாள் கெசியா.

பியூலா கண்ணை மூடினாள். இத்தனை வருஷமும் கணவருடைய ஜெபத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து வந்தவள். சொந்தமாக என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் வரலட்டி" என்றாள்.

"வரும்மா" என்றாள் கெசியா. "நாங்க இருக்கோம்."

தீமோகூடச் சொறிவதை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பியூலாவுக்கு முதலில் அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால் குரல் வந்தது, கரகரப்பாக, அவளுடைய குரல்.

"ஆண்டவரே, இவ்வளவு நாள் அவுகள எனக்காண்டி நிப்பாட்டி வச்சீரு, ஸ்தோத்திரம். எம்பிள்ள பேசுனதக் கேட்டீரு, ஸ்தோத்திரம். அவுகள இப்பத்தான் அனுப்பி வச்சிருக்கேன். மழையா இருக்கு. பத்திரமா எறக்கி விடும்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஆமென் என்று கெசியாதான் சொன்னாள்.